எட்டாம் நம்பர் பொம்மை

ஸல்ஹா தினமும் காலை ஏழரை மணிக்கு அருங்காட்சியகத்தின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவாள். முன்கதவுச் சாவி அவளிடம் கிடையாது. முப்பத்தோரு வருடமாகக் கூட்டித் துடைக்கிறவளிடம் முன்கதவுச் சாவியைக் கொடுத்துவிட்டால் கூரை இடிந்து விழுந்துவிடும் என்று யாரோ ஒரு மகானுபாவர் நினைத்திருக்க வேண்டும். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பக்கக் கதவு வழியாகப் போனால் முதலில் வருவது கல்யாண அறை. அவளுக்கு அதுதான் வேண்டும்.

கபேஸுக்குத் தெற்கே, பேரீச்சந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஸித்ரா என்கிற சின்ன ஊர் அது. பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றின் மாளிகையைத்தான் அரசாங்கம் வாங்கி அருங்காட்சியகமாக மாற்றியிருந்தது. கல்யாண அறையில் ஆளுயரப் பொம்மைகள் பன்னிரண்டு. மணப்பெண், மாமியார், பாடுகிறவர்கள், மணப்பெண்ணின் கையைப் பிடித்து மருதாணி வைக்கிறவள் என்று பதினொன்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த ஒரே வெளுத்த முகம். மணப்பெண்ணுக்கும் மாமியாருக்கும் ஒரே மூக்கு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் நம்பர் மட்டும் வேறு. கதவோரமாகக் கையில் தாம்பாளத்தோடு நிற்கும் கறுப்புப் பெண். இடது காதுமடல் கிழிந்திருக்கும். ஒரு புருவத்தைவிட இன்னொன்று கொஞ்சம் உயர்ந்து, எதையோ கேட்கப்போகிற மாதிரி இருக்கும். காலடியில் பித்தளைத் தகடு: "8. வேலைக்காரி."

அது ஸல்ஹாவின் அம்மா கம்ரா.

தூசி தட்டும்போது ஸல்ஹா அந்த முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு மெல்லிய துணி வைத்திருந்தாள். "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டுக்கொண்டேதான் துடைப்பாள். மத்தியானம் எல்லோரும் காப்பிக் கடைக்குப் போன பிறகு, ரொட்டிக்குள் ஹரீஸா மிளகாய் விழுதும் ஆலிவ் எண்ணெயும் தடவி எடுத்து வந்து அந்த அறை வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். தக்காளி விற்கிற விலை, மூட்டுவலி, மாடி வீட்டுக்காரி தண்ணீரைக் கொட்டுகிற நேரம், எல்லாவற்றையும் சொல்வாள். சொல்ல வேறு ஆள் கிடையாது. புருஷன் லிபியாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டுவிட்டான். பிள்ளை இல்லை. தம்பி ஸ்ஃபாக்ஸிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் போன் பண்ணுவான், அதுவும் ஞாபகம் வந்தால்.

அம்மாவுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அடையாள அட்டையில் இருந்தது வெள்ளத்தில் ஊறி மங்கிப் போயிற்று. ஊரில் பல வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அவளுடைய கைகள் மட்டும் இருக்கும்; மணப்பெண்ணைத்தானே எடுப்பார்கள், படம் மணிக்கட்டோடு முடிந்துவிடும். கறுப்பர்களைப் புதைக்கிற மூலையில் இருக்கும் கல்லறைக்கும் பெயர்க்கல் கிடையாது. ஆக, கம்ரா என்று ஒருத்தி இந்த மண்ணில் முகத்தோடு இருந்தாள் என்பதற்கு அந்தப் பொம்மைதான் மிச்சம்.

பொம்மை வந்த கதை இது. அருங்காட்சியகம் திறப்பதற்கு முந்தின மாசம் தலைநகர் துனிஸிலிருந்து ஒரு சிற்பி வந்தான். வெளுத்த முகத்துக்கு அச்சு கையோடு கொண்டுவந்திருந்தான். கறுப்பு முகத்துக்கு அச்சு இல்லை. தரை கழுவிக்கொண்டிருந்த கம்ராவைப் பார்த்து, "இங்க வந்து படு," என்றான். முகத்தில் எண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு குழலைச் செருகி, மேலே பிளாஸ்டர் குழைத்துப் பூசினான். கம்ரா அன்று புருவத்திலெல்லாம் வெள்ளை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "நான் செத்தா எப்படி இருப்பேன்னு பார்த்துட்டு வந்துட்டேன்டி," என்று சொல்லிச் சிரித்தாள்.

தரை கழுவியது வயிற்றுப்பாட்டுக்கு. அவள் உண்மையான தொழில் மருதாணி. ஸித்ராவில் இருபத்தைந்து வருடம் அவள் கை படாமல் ஒரு மணப்பெண்ணும் புருஷன் வீட்டுக்குப் போனதில்லை. இலையை அவளே பறித்து, உலர்த்தி, அரைத்து, குழைத்துக் கொண்டுபோவாள். மணப்பெண்ணின் எதிரே சரிசமமாக உட்கார்ந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அந்த ஒரு ராத்திரி மட்டும்தான் பெரிய வீட்டுப் பெண்கள் அவளுக்கு முன்னால் கை நீட்டுவார்கள். மற்ற நாட்களில் அவள் அவர்களை மரியாதையாக "லல்லா" என்பாள், அவர்கள் அவளை "ஏ கம்ரா" என்பார்கள். கிண்ணத்தில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸல்ஹாவின் உள்ளங்கையில் அப்புவாள். கல்யாண மாசங்களில் ஸல்ஹாவின் கை சிவப்பு மாறாது. பள்ளிக்கூடத்தில் கையைப் பார்த்தே எவள் மகள் என்று சொல்லிவிடுவார்கள்.

சிற்பிக்கு இதெல்லாம் தெரியாது. கேட்கவுமில்லை. மருதாணி வைக்கிற இடத்தில் ஒரு வெளுத்த பொம்மையை உட்கார வைத்தான். மருதாணி வைத்தவளைக் கதவோரம் தாம்பாளத்தோடு நிறுத்தினான். அநியாயம் என்றால் சவுக்கும் சங்கிலியுமாகத்தான் இருக்க வேண்டுமா என்ன, இப்படியும் இருக்கும்.

திறப்பு விழா முடிந்த வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். ஸல்ஹாவுக்குப் பன்னிரண்டு வயது. பொம்மையைப் பார்த்ததும் ஒருத்தன் கத்தினான்: "ஸல்ஹா, உங்கம்மா நிக்கிறா பாரு. வேலைக்காரின்னு எழுதிப் போட்டிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் வாயைப் பொத்திக்கொண்டார். ஸல்ஹா சிவந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "அது எங்கம்மா இல்ல," என்றாள். யாரும் நம்பவில்லை என்று தெரிந்ததும் இன்னும் உரக்கச் சொன்னாள்: "எங்கம்மா இல்ல. யாரோ."

சொல்லிவிட்டுத் திரும்பினால், வெளியே நடையில் கம்ரா வாளியோடு குனிந்து தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்டாளா, கேட்கவில்லையா? நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்தாள். ஸல்ஹா, "வேண்டாம்," என்றாள். "சரி," என்று கிண்ணத்தை மூடி வைத்தாள் கம்ரா. அதன் பிறகு சாகும்வரை மகள் கையில் மருதாணி வைக்கட்டுமா என்று கேட்டதில்லை, ஸல்ஹாவின் சொந்தக் கல்யாணத்தில்கூட. அதற்கு வேறொரு கிழவி வந்து வைத்தாள். அம்மா போன பிறகு அந்த வேலைக்கு ஸல்ஹா வந்து சேர்ந்தபோது, ஊரே அவளுக்குப் போக்கிடம் இல்லையென்று பரிதாபப்பட்டது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் வந்தாள். ஆனால் அது என் அம்மா என்று மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் பூட்டிய வாய்.

அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருடம் ஓடிப் போயிற்று. கம்ராவைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள், இல்லையென்றால் மறந்துபோனார்கள். அப்போதுதான் இனாஸ் வந்தாள்.

இனாஸ் துனிஸில் படித்தவள், முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூடுதல். அருங்காட்சியகங்களில் இனம், மதம், நீதி எல்லாவற்றையும் நேர்மையாகக் காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, அதற்காக அனுப்பப்பட்டவள். நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வந்த முதல் வாரமே ஸல்ஹாவிடம் கை கொடுத்து, "பெரியம்மா" என்று கூப்பிட்டாள். எட்டாம் நம்பர் பொம்மையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"பெரியம்மா, நீங்க இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்க. இது யாரோட முகம்னு தெரியுமா? இது மட்டும் நிஜ ஆள் மாதிரியே இருக்கு."

ஸல்ஹாவின் கையில் அந்த மெல்லிய துணி இருந்தது. சொல்லிவிடலாம். அறையில் சிரிக்க யாருமில்லை. ஆனால் நாக்கு தன் பழைய தடத்திலேயே போயிற்று.

"தெரியாதும்மா. பொம்மைதானே. யாரோ."

இனாஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஸல்ஹா வீட்டுக்குப் போய், சமைக்காமல்கூட, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எழுதி முடித்ததை யார் இன்னொரு தடவை கேட்கப் போகிறார்கள்?

கோடையில் கூட்டம் போட்டார்கள். பொம்மையை என்ன செய்வது என்று ஊராரைக் கேட்டுச் செய்ய வேண்டுமாம். முற்றத்தில் நாற்பது நாற்காலி. கறுப்பர் சங்கத்தின் இளைஞர்கள் வந்தார்கள், ஸல்ஹாவின் தெருக்காரர்கள்தான். பெரிய வீட்டிலிருந்து லல்லா ஷாதிலிய்யா கோலூன்றி வந்தாள். எழுபத்தைந்து வயதிருக்கும். அவள் கல்யாணத்துக்குக் கம்ரா மருதாணி வைத்தபோது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஸல்ஹா.

சங்கத்துத் தலைவன் ஹம்தி எழுந்து பேசினான். வாய் வல்லமை உள்ள பையன்.

"எங்க பிள்ளைங்க இந்த மியூசியத்துக்கு வந்தா எதைப் பார்க்குது? பன்னிரண்டு பேர்ல ஒருத்திதான் கறுப்பு, அவளும் தட்டேந்தி நிக்கிறா. இதைப் பார்த்துத்தான் இன்னிக்கும் தெருவுல எங்களை வஸீஃப், அடிமைன்னு கூப்பிடறானுங்க. எடுத்துடுங்க. அவ்வளவுதான் கேக்கறோம்."

கைதட்டினார்கள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஸல்ஹாவுக்கே கைதட்டத் தோன்றியது.

லல்லா ஷாதிலிய்யா கோலைத் தட்டினாள். "என்னப்பா அடிமை கிடிமைன்னு பேசறீங்க. எங்க வீட்ல அவங்களைப் பெத்த மக மாதிரி வச்சிருந்தோம். ஒரே சட்டியில சாப்பாடு."

"அப்படி மக மாதிரி வச்சிருந்தவங்க பேரு ஒண்ணு சொல்லுங்க, லல்லா," என்றான் ஹம்தி.

சொல்லு, சொல்லிவிடு, உன் கையைப் பிடித்தவள் பெயரைச் சொல்லு என்று ஸல்ஹா மனசுக்குள் கெஞ்சினாள். கிழவி சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை.

கிழவி யோசித்தாள். "பேரா... எத்தனையோ பேர் வருவாங்க, போவாங்க. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

ஹம்தி கையை விரித்துக் காட்டினான். கூட்டம் முணுமுணுத்தது. ஸல்ஹா பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது இனாஸ் அந்தப் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "பெரியம்மா, டீ கொடுக்கலாமே," என்றாள்.

அப்போதுதான் ஸல்ஹா தன்னைக் குனிந்து பார்த்தாள். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவள் கதவோரம், கையில் டீக் கோப்பைகள் அடுக்கிய தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நாற்பது நாற்காலியில் மூன்று காலியாகக் கிடந்தன. உட்கார் என்று எவரும் சொல்லவில்லை. நீதி கேட்டு வந்தவர்களுக்கும் தோன்றவில்லை, நீதி செய்ய வந்தவளுக்கும் தோன்றவில்லை. ஸல்ஹா வரிசையாக டீ கொடுத்தாள். லல்லா ஷாதிலிய்யா, "சர்க்கரை தூக்கலா இருக்கே," என்றாள். பொம்மையை எடுத்துவிடுவது என்று எல்லோரும் ஒருமனதாகக் கைதூக்கினார்கள்.

மறுவாரம் நாலு பேர் வந்து எட்டாம் நம்பரைக் கம்பளியில் சுற்றித் தூக்கினார்கள். சாமான் அறைக் கதவை ஸல்ஹாதான் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கயிறு கட்டி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தார்கள். ஆட்கள் போன பிறகு இனாஸ் பட்டியலில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்று இனாஸைக் கூப்பிட்டாள் ஸல்ஹா. "அது எங்கம்மா."

"எது?"

"நீங்க இப்ப கட்டி வச்சது. அந்த முகம். பேரு கம்ரா. வேலைக்காரி இல்ல, மருதாணிக்காரி. அவங்க கையில இருக்கற தட்டை எடுத்துட்டு மணப்பொண்ணுக்கு முன்னால உட்கார வச்சிருக்கலாம். அதுதான் அவங்க இடம்."

இனாஸ் அங்கிருந்த ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "பெரியம்மா, நான் அன்னிக்கே உங்ககிட்ட கேட்டேனே. ஏன் சொல்லல?"

ஏன் சொல்லவில்லை என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியுமா?

"அறிக்கை துனிஸுக்குப் போயிடுச்சு. முகம் யாருடையதுன்னு தெரியல, ஊழியர்களையும் விசாரிச்சாச்சுன்னு எழுதியிருக்கேன். ஊழியர்னா நீங்கதான்." இனாஸின் கண் கலங்கிவிட்டது. "ஒரு போட்டோ இருந்தா குடுங்க. நாளைக்கே மாத்தி எழுதறேன்."

"போட்டோ இல்லம்மா."

"குடும்பத்துக்கு வெளிய தெரிஞ்சவங்க யாராவது?"

"லல்லா ஷாதிலிய்யா."

இனாஸ் போய்க் கேட்கத்தான் செய்தாள். ஞாபகமில்லை என்று பதில் வந்தது. துனிஸுக்கு ஒரு கடிதமும் எழுதினாள். அடுத்த திருத்தத்தின்போது பரிசீலிக்கப்படும் என்று அங்கிருந்து பதில். அதற்குள் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போகிற அன்று ஸல்ஹாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை உண்மைதான். அதனால் ஆனது ஒன்றுமில்லை.

பொம்மை நின்ற இடத்தில் ஒரு பலகை வந்தது. அடிமை வியாபாரம், விடுதலைச் சட்டம், மனித மாண்பு என்று மூன்று மொழியில் நல்ல வார்த்தைகள். கீழே பொம்மையின் படம் ஒன்று சின்னதாக, அதன் கீழே ஒரு வரி: "முன்பு இங்கே காட்சிக்கு இருந்த உருவம். பெயர் தெரியாத பெண்."

அந்த வரியை ஸல்ஹா தினமும் துடைத்தாள். அது அவள் வாயிலிருந்து வந்த வரி. சிற்பி வேலைக்காரி என்று எழுதினான், அது அவன் பாவம். பெயர் தெரியாதவள் என்று எழுதியது பெற்ற மகள். பொம்மை நின்ற இடத்தில் தரைக்கல் இரண்டு பாத அளவுக்கு வெளுத்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் மற்ற கல்லோடு சேரவில்லை. மத்தியானத்தில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தால் பேச்சு வராது. கல்லைப் பார்த்து யாராவது தக்காளி விலை சொல்வார்களா? பாதி ரொட்டியைப் பூனைக்குப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். சாமான் அறைச் சாவி மேலதிகாரியிடம் போய்விட்டது.

மாரி முடிந்து பள்ளிக்கூடங்கள் வரத் தொடங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை முப்பது பிள்ளைகள் கல்யாண அறைக்குள் நுழைந்தன. வாளியை நடையில் வைத்துவிட்டு, ஈரம் காயும்வரை மாப்புக் கட்டையோடு ஓரமாக நின்றாள் ஸல்ஹா. டீச்சர் முன்னால் நகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனாள். பின்னால் வந்த நாலைந்து பேர் பலகையின் முன்னால் நின்றார்கள். கூட்டத்தில் ஒரே ஒரு கறுப்புப் பெண், பெரிய பை, இறுக்கிப் பின்னிய தலை.

ஒரு பையன் படத்தில் விரலை வைத்தான். "ஏய், உங்கம்மா இங்க இருக்காங்கடி. பேரே தெரியாதாம்."

சிரித்தார்கள். அந்தப் பெண் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தை ஸல்ஹா உள்பக்கத்திலிருந்து அறிவாள். அடுத்து என்ன வரப்போகிறது என்றும் தெரியும்.

"இல்ல," என்றாள் அந்தப் பெண். "அது எங்க..."

"அது அவங்க அம்மா இல்ல," என்றாள் ஸல்ஹா. மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். "என்னோட அம்மா."

அந்தப் பையன் கேட்டான், "பேர் தெரியாதவங்கன்னு போட்டிருக்கே?"

"நான்தான் அப்படிச் சொல்லி எழுத வச்சேன். பொய் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். உன் வயசுல ஒரு தடவை, கிழவியானப்புறம் ஒரு தடவை." ஸல்ஹா படத்தைக் கைகாட்டினாள். "பேரு கம்ரா. இந்த ஊர்ல எல்லா மணப்பொண்ணு கைக்கும் மருதாணி வச்சவங்க. இதோ இந்த மணப்பொண்ணுக்கு முன்னால உட்கார்ந்திருக்கே ஒரு வெள்ளைப் பொம்மை, அது இவங்க இடத்துல உட்கார்ந்திருக்கு. காது கிழிஞ்சிருக்கு பாத்தியா? அது நான் கைக்குழந்தையா இருக்கும்போது கம்மலைப் பிடிச்சு இழுத்தது."

பையன் படத்திலிருந்து விரலை எடுத்துவிட்டான். டீச்சர் அடுத்த அறையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஓடின. பின்னல்காரி மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள்.

"என்ன பேரு சொன்னீங்க?"

"கம்ரா."

"கம்ரா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு அவளும் போனாள்.

அறை காலியாயிற்று. ஸல்ஹா உரக்கத்தான் பேசியிருந்தாள், அன்றைக்குப் போலவே. வெளியே யாராவது குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தால் காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் திரும்பி நடையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய வாளி மட்டும் இருந்தது.